எட்டு ஐம்பது பஸ்

முப்பத்தொரு நாடகம் பார்த்திருக்கிறேன்.
ஒன்றுக்குக்கூட முடிவு தெரியாது.

ஆறரைக்குத் திரை என்று நோட்டீஸில் போடுவார்கள்.
தபால் ஆபீஸில் கணக்கை முடித்துவிட்டு
குன்னூர் மேட்டில் நான் ஏறி வர ஆறு இருபது.
அவர்கள் தொடங்க ஏழேகால்.
சர்ச் ஹாலில் தூணுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.
மேடையில் கால்வாசி மறைக்கும்,
ஆனால் கதவு கிட்டே.
கட்டபெட்டுக்குக் கடைசி பஸ் எட்டு ஐம்பது.
எட்டு முப்பத்தைந்துக்கு
யார் அழுதுகொண்டிருந்தாலும் எழுந்துவிடுவேன்,
குனிந்தபடி, குடையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு.

அதனால் என் ராஜாக்கள் யாரும் தோற்றதில்லை.
கொலை செய்தது யாரென்று தெரியாமல்
ஐந்து பேரையும் சந்தேகத்திலேயே வைத்திருக்கிறேன்,
பன்னிரண்டு வருஷமாக.
அதில் ஒருத்தர் வாரம் தவறாமல்
ரிஜிஸ்டர் தபால் போட வருவார்.
அவர் தரும் சில்லறையை மட்டும்
இரண்டு தரம் எண்ணுகிறேன்.

ஜூலையில் தகரக் கூரையில் மழை பிடித்தால்
வசனம் ஒன்றும் கேட்காது.
ரெஜினா என்று ஒரு பெண், பகலில் ஆஸ்பத்திரி நர்ஸ்,
"நான் போறேன்" என்று சொல்ல வாயெடுத்தாள்,
மழை கொட்டிவிட்டது.
அவள் சொல்லவில்லை. நின்றாள்.
ஏழு நிமிஷம், பெட்டியோடு,
கைமாற்றிக்கூடப் பிடிக்காமல்.
மழை விட்டதும் சொன்னாள், மெதுவாக.
எழுதியவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்
அப்படியொரு நிற்பை.
பெட்டி காலி என்று எனக்குத் தெரியும்.
தோள் வலித்தது எனக்கு.

புகை போடும் மெஷின் அவர்களிடம் இல்லை.
பக்கவாட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி கிடையாது,
அதன் வழியே மூடுபனி டிக்கெட் வாங்காமல் நுழைந்து
பாலைவனக் காட்சியிலும் நடித்துவிட்டுப் போகும்.

ஒரே ஒரு குறை எனக்கு.
மேடைக்கு வரும் கடிதங்களில் முத்திரையே இருப்பதில்லை.
வெறும் வெள்ளைக் கவரைக் கிழிக்கிறார்கள்,
குடும்பம் இடிந்து உட்கார்கிறது.
எந்த ஊர்த் தபால் அது? வந்து சேர எத்தனை நாள்?
இருபத்திரண்டு வருஷம் முத்திரை குத்திய கை
நம்ப மாட்டேன் என்கிறது.
பெயர் போடாமல் ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.
அடுத்த நாடகத்தில் கவரில் ஸ்டாம்பு இருந்தது,
மேலே வட்டமாக மைக்கறை.
கிழிப்பதற்கு முன் அதை வெளிச்சத்தில்
ஒரு கணம் சாய்த்துப் பார்த்தான் நடிகன்.
மற்றவர்கள் எல்லோரும்
உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று காத்திருந்தார்கள்.

பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் ஹாலன்.
எட்டு இருபதுக்குக் குத்துப்பட்டுச் செத்தவர்.
காதுக்குப் பின்னால் ரோஸ் பவுடர் அழியவில்லை,
ஸ்வெட்டருக்குள்ளே சட்டையெல்லாம் பீட்ரூட் ரத்தம்.
தேயிலை ஃபாக்டரியில் இலை எடை போடுகிறார்,
காலை ஆறுக்கு ஷிஃப்ட்.
ஒருநாள் கேட்டேவிட்டேன்:
"கடைசியில என்னங்க ஆகுது?"
"தெரியாதுங்க. செத்த உடனே கிளம்பிடுவேன்."
"ஒத்திகையிலயாவது?"
"அப்பவும் இதே பஸ்தான்."

போன கார்த்திகையில் வண்டிச்சோலைப் பக்கம்
மரம் விழுந்து பஸ் வரவில்லை.
ஸ்டாண்டில் நானும்,
வழக்கம்போல் செத்துவிட்டு வந்த அவரும்.
"போய்ப் பாத்துரலாமா?"
யார் கேட்டதென்று இப்போது நினைவில்லை.
மூச்சிரைக்க மேடேறிக் கதவைத் தள்ளினால்
மேடையில் ஆளே இல்லை.
கவிழ்ந்த நாற்காலி ஒன்று.
ஒற்றைச் செருப்பு.
மொத்த ஹாலும் எழுந்து நின்று
கைதட்டிக்கொண்டிருந்தது.

ஹாலன்தான் முதலில் சேர்ந்துகொண்டார்,
சிவப்பு போகாத கைகளால், பலமாக.
எதற்கென்று தெரியாமலே நானும் தட்டினேன்,
குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
பின்வரிசையில் ஒருவர் திரும்பி
"கதவைச் சாத்துங்க, சாரல் அடிக்குது" என்றார்.