வனஸ்பதி டின்

அரவேணு பேக்கரியில் வர்க்கி மாவு தேய்க்கிறேன்.
சனிக்கிழமை சம்பளத்தோடு
பதினைந்து கிலோ டின் ஒன்று, காலியாக,
கேட்காமலே வரும்.
தலையில் கவிழ்த்து மழைக்குக் குடையாக்கி
மேட்டு லைனுக்கு ஏறுவேன்.

வாசலுக்கும் தேயிலை வேலிக்கும் நடுவே
ஒரு முழம் மண்கூட எனக்கில்லை.
டின்னுக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.

ஆணியால் அடியில் ஐந்து ஓட்டை.
உடைந்த ஓடு ஒரு கை, மேலே சில்வர் ஓக் சருகு,
அதற்கும் மேலே மண்,
அக்கம்பக்கம் பார்த்து அள்ளியது.
டின்னைக் கழுவ மாட்டேன்.
மடிப்பில் ஒட்டிய கொழுப்பு
துருவை இரண்டு வருஷம் தள்ளிப்போடும்.
இதை யாரும் சொல்லித்தரவில்லை,
சோம்பலில் கண்டுபிடித்தது.

மண்சட்டி இந்தப் பள்ளத்துக்கு ஆகாது.
தை மாத உறைபனியில்
குடித்த தண்ணீர் உள்ளேயே கல்லாகி
விடியும்போது டப்பென்று வாய்பிளக்கும்.
பிளாஸ்டிக் வாளி இரண்டு கோடை தாண்டினால்
தொட்ட இடத்தில் பிஸ்கட்.
பழைய பங்களாவை இடித்தபோது
செல்வமணி தோளில் சுமந்துவந்தார்
ஒரு வெள்ளைக் கக்கூஸ் பீங்கான்.
காட்டெருமை உரசினாலும் அசையாது என்றார்.
அசையவில்லைதான்.
அதில் ஹைட்ரேஞ்சியா நீலமாய்ப் பூக்கிறது.
விருந்தாளிகள் பூவைப் பார்க்கிறார்கள்,
அப்புறம் கீழே பார்க்கிறார்கள்,
அப்புறம் டீ வேண்டாம் என்கிறார்கள்.

ஐப்பசி, கரண்ட் இல்லாத இரவு.
வெளியே டின் உருண்டது.
காட்டெருமை என்று திரும்பிப் படுத்தேன்.
இன்னொன்று உருண்டது. இன்னொன்று.
ஜன்னலில் டார்ச் வைத்தால்
கால் இரண்டையும் விரித்து
மடியில் டின்னோடு உட்கார்ந்திருக்கிறது கரடி,
மாவு பிசைய நான் உட்காரும் அதே மாதிரி.
ஜெரேனியத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தது.
எறியவில்லை, வைத்தது. சத்தியமாக.
மண்ணைத் தட்டிக் கொட்டியது.
மூலை மூலையாக, மடிப்பு மடிப்பாக,
நாக்கு தகரத்தில் உரசும் சத்தம்
எங்கள் பல்லில் கேட்டது.

பதினெட்டு டின். விடியும்வரை.
பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள்.
பிச்சைக்கு வந்தவர்
பாத்திரம் அறிந்திருந்தார்.

காலையில் வாட்சர் போஜராஜ் வந்து
சேதாரம் எழுதினார்.
'தகரம் பதினெட்டு, நசுங்கியது நான்கு.'
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
டின்மேல் என்ன எழுதியிருக்கு, படிங்க.
வனஸ்பதி.
காட்டுக்கு அதிபதி என்று அர்த்தமாம்.
பேர் போட்டு வச்சா
சொந்தக்காரன் வராம இருப்பானா?
அவர் மட்டும் சிரித்தார்.
போகும்போது திரும்பிச் சொன்னார்:
இன்னைக்கும் வரும்.
வீட்டுக்குள்ளே எண்ணெய் எதுல வச்சிருக்கீங்க?

பாமாயில் பாக்கெட்டை வெட்டி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன்.
அன்றே அது குக்கருக்குள் போனது,
கேஸ்கெட் போட்டு, மூடி திருகி,
விசில்மேல் அம்மிக்குழவி வைத்து.
குக்கர் போனதால் சோறு வடிக்க ஏனமில்லை.
கைப்பிடி உடைந்த தேக்சாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.
அதில் புதினா இருந்தது.
தேக்சா அடியில் நானே போட்ட ஓட்டை மூன்று.
ஈயம் பூச எண்பது ரூபாய்.
புதினாவுக்கு இடம் வேண்டும்.
நசுங்கிய நாலில் நல்லதாய் ஒன்றை எடுத்து
சாம்பல் போட்டு, கொதிக்கும் நீர் விட்டு,
தேங்காய் நாரால் தேய்த்தேன்,
கரடி நாக்கு போன வழியிலேயே.
தகரம் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது.
இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும். பிடிக்கட்டும்.

அதற்கப்புறம் அது வந்ததா தெரியாது.
ஜெரேனியம் எல்லாம் திரும்ப நின்றுவிட்டது,
ஒன்றைத் தவிர.

நேற்று புதினாத் துவையல்.
லேசாக வர்க்கி வாசம் அடிக்குது என்றேன்.
செல்வமணி தட்டை மோந்து பார்த்துவிட்டு
என் கையை மோந்து பார்த்தார்.
டின்னா, கையா,
அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
தெரிந்தவர் மலைக்கு மேலே இருக்கிறார்.