கண் சிறுப்பதில்லை

இருநூறு உருப்படி.
ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழாய் கக்குவதில் ஒரு வாளி முகந்து
கண்ணின் முன்விளிம்பிலிருந்து வால்நுனி வரை
அளந்து எழுதவேண்டும்.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. நாற்பத்தாறு, பெண், சினை.
கையுறைக்குள் விரல் மரத்துப்போன பிறகும்
எண்கள் மட்டும் நடுங்காமல் விழுகின்றன.

தெற்கு ஓர்க்னித் தீவுகளுக்கு மேற்கே
மூட்டத்துக்குள் நிற்கிறோம்; நிற்கவில்லை, ஊர்கிறோம்.
இந்தக் கப்பலில் வலையைத் தூக்குவதே அபூர்வம்.
அது கீழே வாயைத் திறந்தபடி கிடக்க
ரப்பர்க் குழாய் கடலை உறிஞ்சுகிறது,
எங்கள் ஊரில் மாத்தே குடிப்பவர்களைப்போல,
அடியில் கரகரக்கும்வரை விடாமல்.

கிரில். கூனி இறால்போல ஒன்று.
கண்ணாடி உடம்பில் சிவப்புத் தெறிப்பு,
குன்றிமணியின் கறுப்பாகக் கண்,
வயிற்றில் பச்சை: பனிக்கட்டிக்கு அடியில் மேய்ந்த பாசி.
தாமதித்தால் அதன் குடற்சாறே அதைத் தின்றுவிடும்,
ஓட்டின் ஃபுளோரைடு சதைக்குள் இறங்கிவிடும்.
ஆகவே அவசரம். ஆகவே கொதிகலன், உலர்த்தி,
ஆகவே ப்ரோகிப்பின் கெட்ட வார்த்தைகள்.

ப்ரோகிப் கெர்ச்சுக்காரன். மாவு ஆலைக்குப் பொறுப்பு.
அவன் இமைமுடியிலும் மாவு, கடிக்கும் ரொட்டியிலும் மாவு.
"உன் ஊர் மீனுக்குத்தான்" என்பான் மூட்டையைத் தட்டி,
"நல்லா சாப்பிடட்டும்."

பொய்யில்லை.
கெய்யோனில், மிதக்கும் கூண்டுகளின் மேல்
எலியாசர் நிறவிசிறியோடு நிற்பான்.
பெயிண்ட் கடையில் தருவார்களே, அப்படியொன்று.
அறுத்த சால்மனின் சதையருகே அதை விரித்து
எத்தனையாவது சிவப்பு என்று சொல்வது அவன் வேலை.
வெளுத்திருந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.
கூண்டு மீனுக்குச் சொந்தச் சிவப்பு வராது;
இரையில் கலந்து கொடுக்கவேண்டும்.
நாங்கள் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது.
இந்த ஒரு சரக்கில் மட்டும்
இன்னும் கொடுக்கல் வாங்கல்.

எண்ணெய் தனியாகப் போகும்,
மாத்திரையாகி, எவருடைய குளியலறை அலமாரிக்கோ,
ஒரு முழங்காலின் நம்பிக்கையாக.

ஜனவரியில் ஒரு திமிங்கிலக் குட்டி வலையோடு வந்தது.
படிவத்தில் அதற்கும் கட்டம் உண்டு.
நீளம் எழுதினேன். நிலை எழுதினேன்.
கயிற்றை அறுத்ததும் முதுகு காட்டி, பிறகு வயிறு காட்டி
இறங்கியது.
குழாய் மறுபடி உறிஞ்ச நாற்பது நிமிடம்.
அதையும் எழுதினேன்.

படிவத்தில் இல்லாதது ஒன்று:
பசி வந்தால் கிரில் சிறுத்துப்போகும்.
சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும்
பழையதைவிடச் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும்,
குளிர்காலம் முழுக்க.
ஆக, நான் எழுதும் முப்பத்தெட்டு
வளர்கிற பிள்ளையாக இருக்கலாம்,
ஐந்து குளிர் கண்ட பட்டினியாகவும் இருக்கலாம்.
அளவுகோலுக்குத் தெரியாது.
கண்தான் காட்டிக்கொடுக்கும்.
உடம்பு பின்வாங்கினாலும் கண் அவ்வளவாகச் சிறுப்பதில்லை.

நேற்று ஒன்றை லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர் உடம்பில்
முதிர்ந்த ஒன்றின் கண்.
என்னை அல்ல, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று மதியம் செய்தி வந்தது:
இந்தப் பருவத்தின் அளவு நிரம்பிவிட்டது,
எல்லாக் கப்பல்களும் நள்ளிரவோடு நிறுத்தவேண்டும்.
கேப்டன் தோர்கில்ஸ் கடிகாரத்தைப் பார்த்து
"இன்னும் பத்து மணி நேரம்" என்றார்.
பத்து மணி நேரமும் உறிஞ்சினோம்.

பம்பு நின்றது.
மூன்று மாதத்தில் முதல்முறையாக
மனிதர்கள் இருமுவது கேட்டது.
ப்ரோகிப் மேல்தளத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்தபடி,
தூக்கத்தை எங்கே வைத்தோம் என்று தேடுபவன்போல நின்றான்.
விளக்கு எட்டாத தண்ணீரில்
பிடிபடாத கூட்டம் நீலமாக மினுங்கியது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

நூற்றுத் தொண்ணூற்றாறு முடித்திருந்தேன்.
வாளியில் நான்கு மிச்சம்.
அளந்தேன், படிவம் கேட்டபடி.
பிறகு கண்ணின் விட்டத்தையும்,
யாரும் கேட்காத ஓரத்தில்,
பென்சிலால்.