விரதத்தின் ஏழாம் நாள்

கவிச்சி தொடக்கூடாது என்றுதான் கட்டு.
மீன் பிடிக்கக்கூடாது என்று
யாரும் சொல்லவில்லை.
நார்த்டேல் கோயிலில் காப்புக் கட்டிய குருக்களிடம்
நானும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவார்.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு நனைய
முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்.
மோய் ஆறு.
போயர்கள் வைத்த பெயர்; அவர்கள் மொழியில் அழகு.
நம் பழைய சொல்லில் முருகு.
ஆக இதுவும் ஒருவகைச் சன்னிதி என்று
விடியுமுன் கார் ஓட்டி வரும்போதே
எனக்கு நானே வாதாடி
ஜெயித்துவிட்டேன்.

கம்பர்க் பள்ளத்தாக்கில் இன்னும் வெயில் இறங்கவில்லை.
மலை விளிம்பு மட்டும்
பட்டறையில் பற்றவைத்த தகரத்தின் ஓரமாய்ச் சிவந்திருக்கிறது.
இடது பூட்ஸில் எங்கோ ஓட்டை.
பத்து வருஷமாய் ஊரார் காரையெல்லாம் ஒட்டுகிறேன்,
இதை ஒட்டத்தான் நேரமில்லை.

பெட்டியில் பதினோரு பூச்சிகள்,
எல்லாம் நான் கட்டியவை.
பதினொன்றாவதன் உடம்பு
போன தைப்பூசக் காவடியில் உதிர்ந்த மயில் பீலி.
வாசல் கூட்டுகிறவர் வருவதற்குள்
மூன்று இழை பொறுக்கிக்கொண்டேன்.
வால், கமலவேணியின் தையல் பெட்டியிலிருந்து பழுப்பு நூல்.
இரண்டும் அவளுக்குத் தெரியாது.
கொக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கியிருக்கிறேன்.
அது எனக்கும் மீனுக்கும் உள்ள ஒப்பந்தம்;
மீன் கையெழுத்துப் போடவில்லை.

வேலியோரம் தெம்பெலானி.
அனுமதிச் சீட்டைப் பார்ப்பது அவன் வேலை.
பார்த்துவிட்டான், போகவில்லை.
"பிடிக்கிறாய், விட்டுவிடுகிறாய். பிறகு எதற்கு?"
போன மாதம் கேட்டான்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் அதே யோசனைதான்.

எட்டு மணிக்கு ஈ எழும்பியது.
கல்லடியில் புழுவாய்க் கிடந்ததெல்லாம்
சிறகு காயவைத்து
நீர்மேல் மொய்க்கிறது.
கல்யாண வீட்டு மொய் போல,
யார் எவ்வளவு என்று நோட்டில் எழுத ஆளில்லாமல்
ஆறு வாங்கிக்கொள்கிறது.

முதல் வீச்சு வில்லோ மரத்துக்கு.
இரண்டாவது என் தொப்பிக்கே.
மூன்றாவது
பாறை நிழல் முடியும் இடத்தில்
சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.
ஒன்று. இரண்டு.
நீர் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

பிறகு நடந்ததெல்லாம் கைக்குத்தான் தெரியும்.
எனக்கு நினைவில்லை.

வலைக்குள் ட்ரௌட்.
பனிக்கட்டியில் முட்டையாய்க் கப்பலேறி வந்த இனம்.
எங்கள் ஆட்களும் கப்பல்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
விலாவெங்கும் சிவப்புப் புள்ளி,
ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வட்டம்:
குங்குமத்துக்கு விபூதியில் கரை கட்டினாற்போல.

கொக்கி
வலக் கன்னத்தில்,
உள்ளிருந்து வெளியே.

மூன்று நாள் கழித்து
எனக்கு அலகு குத்தும் அதே இடம்.
என்னைச் சுற்றி அப்போது மேளம் அடிப்பார்கள்,
சாம்பிராணி போடுவார்கள்,
நூறு வாய் பெயர் சொல்லிக் கூப்பிடும்.
வலி தெரியாது.
இதற்கு யார் மேளம் அடித்தார்கள்?

"அரோகரா" என்றேன்.
சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது.
அலகு எடுக்கும் விரல்களைப் போலவே
என் விரலும் திருப்பி இழுத்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை.
ஓட்டத்துக்கு எதிர்முகமாய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
செவுள் திறந்து, மூடி, திறந்து.
விடுவது நான் என்று நினைத்திருந்தேன்.
வாலை ஒருமுறை அசைத்து
அதுதான் என்னை விட்டது.

"மீனிடம் என்ன சொன்னாய்? அதன் பெயரா?"
ஆமாம் என்று பொய் சொன்னேன்.
அவனும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்,
நாக்கு சுழன்று, ஆற்றைப் பார்த்து, சத்தமாய்.
எதிர்க்கரையில் மாடுகள் தலை தூக்கின.

மணலால் மூன்று தரம் கை கழுவியும் போகவில்லை.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஓட்டி வந்தேன்.

சாயங்காலப் பூசையில்
நீட்டிய உள்ளங்கையில் விபூதி போட்டவர்
கையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.