படிவத்தில் கட்டம் இல்லாத பச்சை

கோர் நகர நீதிமன்றத்தின் பின்பக்கம்
ஒரு சிறிய அறை.
வக்கீல் வரக்கூடாத வழக்கு இது.
நடுவர் ஒருவர், மேசை ஒன்று,
அதன்மேல் ஒரு தொலைபேசி,
தொலைபேசிக்குள் ஆக்லாந்திலிருந்து கம்பெனி.

எதிரே நைரி டமட்டேயா.
நாளைக்கு நூற்றெண்பது கிலோமீட்டர்
தபால் சுற்று.
கடிதம் பிரிக்கும் ரப்பர் உறை
விரலிலேயே இருந்தது, கழற்ற மறந்திருந்தாள்.

வண்டியைத் திரும்ப அழைத்த அந்தக் கடிதத்தை
அவளே பிரித்து, அவளே சுமந்து,
தன் வீட்டுப் பெட்டியில்
தானே போட்டுக்கொண்டாளாம்.
நடுவர் சிரித்தார்.
தொலைபேசி சிரிக்கவில்லை.

அது சொன்னது:
அழைத்தோம். வந்தார். மாற்றினோம்.
ஸ்டியரிங் மோட்டாரின் இணைப்பி, புத்தம் புதியது.
மெக்கானிக் கையெழுத்து இருக்கிறது.
எங்கள் பொறுப்பு இணைப்பியோடு முடிகிறது.
அதற்குப் பின்னால் ஓடும் கம்பிகளுக்கு வயது பதினொன்று.
மழை, உப்புக்காற்று, ஆடுகள் நடக்கும் சாலை.

எல்லாம் உண்மைதான்.
பல்லை மட்டும்தான் பிடுங்கினேன்
ஈறைப் பற்றி என்னைக் கேட்காதே
என்பது போன்ற உண்மை.

நைரி எழுதி வந்த தாளைப் பார்க்கவில்லை.
"எனக்கு ஒரு குறையும் தெரியாது.
குறை இருக்கிறது என்று எழுதியதே நீங்கள்தான்.
நீங்கள் சரிசெய்த ஒன்பதாம் நாள்
மட்டௌரா பாலத்து வளைவில்
ஸ்டியரிங் கல்லாகிவிட்டது.
பாலத்துக் கைப்பிடியில் உரசி நின்றது வண்டி.
பின்சீட்டில் டகால் பண்ணைக்கு வாங்கிய
கோழிக்குஞ்சுகள்.
அவை கத்தியதைக் கேட்டுத்தான்
நான் இருப்பதே எனக்குத் தெரிந்தது."

பிறகு என் முறை.
கையெழுத்து என்னுடையது: ரெ. டா.
ஐ போன்ற கோணல், அவசரக் கோணல்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்
என்று காலையில் மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.
நடுவர் கேட்டதோ
இரண்டே சொல்:
"வேறு ஏதாவது?"

இருந்தது.
பழைய இணைப்பியைக் கழற்றியபோது
உள்ளே கம்பிக்கற்றையில் பச்சை பூத்திருந்தது.
செம்பு அரிக்கும் பச்சை.
நகத்தால் சுரண்டினேன். மாவாய் உதிர்ந்தது.
இந்த வேலைக்குக் கம்பெனி கொடுக்கும் கூலி
நாற்பது நிமிடத்துக்கு.
முப்பத்தாறு ஆகியிருந்தது.
வெளியே இதே வண்டி இன்னும் ஐந்து.
படிவத்தைப் பார்த்தேன்.
மாற்றியாயிற்றா? ஆம், இல்லை.
பச்சைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதியிருக்கலாம்.
ஓரத்தில் இடம் இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எத்தனை சோப்பு போட்டாலும்
நகக்கண்ணில் தங்கும் கறுப்பைப் பார்த்தேன்.

தொலைபேசி கொஞ்சநேரம் மூச்சு மட்டும் விட்டது.
"அது அவருடைய தனிப்பட்ட கருத்து."

"பச்சையா?" என்றாள் நைரி.
"பச்சை கருத்தா?"

நடுவர் எதையோ எழுதினார்.
எழுதியதை அடித்தார். மறுபடி எழுதினார்.
தீர்ப்பை இன்று சொல்வதற்கில்லை,
இரண்டு வாரத்தில் தபாலில் வரும் என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.
"நான்தான் கொண்டுவருவேன்."

வெளியே தெற்கிலிருந்து ஆலங்கட்டி.
மைத்துனனின் பிக்கப்பைக் கடன் வாங்கி வந்திருந்தாள்.
வணக்கம் சொல்லவில்லை, திட்டவுமில்லை.
கிளப்புமுன் ஸ்டியரிங்கை
இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும்
ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.
பாலத்துக்குப் பிறகு வந்த பழக்கமாயிருக்கும்.

என் வீடும் அவள் சுற்றில்தான்.
தகரப் பெட்டி, கொக்கி தளர்ந்தது.
ஒர்க்ஷாப்பிலிருந்து எனக்கும் இனி
ஒரு கடிதம் வரும்.
அதையும் அவள்தான் போடுவாள்,
நனையாமல், மடியாமல்,
கொக்கியைச் சரியாக மாட்டிவிட்டு.