இரண்டு விரல் சாய்வு

"இந்த வீட்டுக்குக் கடல் தெரியவில்லை.
தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்றாள் தெல்மிரா,
கையில் கரண்டியோடு.

சிலோயே தீவில் இது பைத்தியப் பேச்சு அல்ல.
இங்கே வீடுகள் மரத்தாலானவை, கட்டைகள் மேல் நிற்பவை.
ஊர் கூடி, கயிறு கட்டி, எருது பூட்டினால்
நகரும்.
ஆனாலும் மழை விடாத ஜூன் மாதத்தில்,
அதுவும் ஏழு மாத வயிற்றோடு,
யாரும் கேட்டதில்லை.

நான் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவன்.
ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அக்கரையைப் பார்ப்பேன்,
ஒரு தடவைகூடப் போகத் தோன்றியதில்லை.
அவளுக்கோ காலில் சக்கரம்.
உப்பு வாங்கப் போனவள் மூன்றாம் நாள்
ஒற்றைக்கண் குதிரையோடு வந்தாள்.
"உப்பு?" என்றேன்.
"அடடா" என்றாள்.

பதினாறு ஜோடி எருதுகள், நாற்பது ஆட்கள்.
ஆவெலினோ முன்னால் நின்று கத்தக் கத்த
சேற்றில் முனகிக்கொண்டு அசைந்தது வீடு.
காலி செய்துவிட்டுத்தான் எல்லாரும் இழுப்பார்கள்.
அவள் இறங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.
நடந்து போகும் வீட்டின் கூரையிலிருந்து
புகை கிளம்பியதை அன்றுதான் ஊர் பார்த்தது.
மாவைத் தட்டிப் பொரித்து
சன்னல் வழியே இழுப்பவர்கள் வாயில் வைத்தாள்,
மறுகையால் வயிற்றைத் தாங்கியபடி.
லூசெரோ என்ற எருதுக்கும் ஒன்று.

கரையில் இறக்கியபோது
வீடு கிழக்கே இரண்டு விரல் சாய்ந்துவிட்டது.
"கோடையில் நிமிர்த்திவிடலாம்" என்றேன்.
பதினோரு கோடை வந்து போயின. விடவில்லை.
"நடந்து வந்த வீடு. கொஞ்சம் ஒருக்களித்து நிற்கட்டுமே."

கை தவறிய எதுவும் கிழக்குச் சுவருக்குத்தான் உருளும்.
உருளைக்கிழங்கு, நூல்கண்டு, பொத்தான்,
நியேவெஸுக்கு முதலில் விழுந்த பல்.
காணாமல் போனதை அங்கே போய்த் தேடுவோம்.
கட்டிலில் அவள் படுப்பதும் அந்தப் பக்கம்.
தூக்கத்தில் நானும் உருண்டிருக்கிறேன்.

செத்தவளைப் புகழ்ந்தே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள்.
எலியேசருக்குக் காய்ச்சல் கொதித்த இரவில்
அவள் எங்கோ தீவொன்றில் யாரோடோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தாள்.
விடிந்து வந்தவளிடம் கத்தினேன்.
அந்தக் கோபத்தில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.
வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை. தால்காவே சந்தை.
பூண்டு விலையைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.
"மூச்சு வாங்கத்தான் நிறுத்தினாள் என்று நினைத்தேன்.
மிச்சச் சிரிப்புக்குக் காத்திருந்தேன்" என்றாள் பூண்டுக்காரி.
தலைக்குள் ஒரு குழாய் வெடித்ததாம்.
மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார்,
ஆறு ஒன்று கிளை பிரிவதுபோல் இருந்தது.
நாற்பத்திமூன்று வயது.
பூண்டைப் பொட்டலம் கட்டி என்னிடம் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

நாற்பது நாள் கழித்து ஆவெலினோ வந்தார்,
இரண்டு ஜாக்கிகளும் ஒரு மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
"இப்போதாவது நிமிர்த்திக் கொடுக்கட்டுமா?"
ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அது.

அன்று வயிற்றுக்குள் இருந்தபடி இந்த வீட்டோடு வந்த எலியேசர்
மேசையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தான்.
தரையில் வைத்தான். விட்டான்.
உருண்டது. சோம்பலாக, பிறகு வேகமாக.
கட்டிலுக்கு அடியில் சுவரைத் தொட்டு நின்றது.
யாரும் பேசவில்லை.
ஆவெலினோ தொப்பியை மாட்டிக்கொண்டார்.
ஜாக்கிகள் வண்டிக்குத் திரும்பின.

இப்போதெல்லாம் நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுப்பதில்லை, தெல்மிரா.
உன் பக்கம் வந்துவிடுகிறேன்.
பாதி ராத்திரியில் சுவர் முட்டுகிறது.

இன்று காலை உப்பு தீர்ந்துவிட்டது.
"நான் போகிறேன்" என்று நியேவெஸ்
உன் ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள், முழங்கால் வரை ஏறியது.
குதிரையை அவிழ்த்தாள்.
சீக்கிரம் வா என்று சொல்ல வாய் எடுத்தேன்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது.
சொல்லவில்லை.