காரணம் என்ற கட்டம்

முனிரத்தினம் கொட்டிவிட்டுப் போனது ஒன்றரைக் கூடை.
நாலு டன் கொள்ளும் தொட்டிக்கு
இது வாய் நனைக்கவும் காணாது.

தக்காளி கிலோ நூற்றிருபது ஆனதிலிருந்து
மண்டித் தெருவில் யாரும் எதையும் எறிவதில்லை.
சொத்தைப் பக்கத்தைக் கீழே திருப்பிக்
கூறு கட்டி விற்கிறார்கள்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரி
பூச்சி விழுந்தாலும் குழம்புக்குப் போகிறது.
ஆடி வேறு. மண்டபங்களில் பூட்டு.
எச்சில் இலையோடு பாயசம் வந்த மறுநாள்
எஞ்சின் கத்துகிற கத்தலே தனி.

கேஸ் பலூன் கிடக்கிறது,
கறந்து முடித்த மடி மாதிரி.
நாற்றத்துக்கு மனு போட்ட எதிர்வீட்டுக்காரர்
நேற்று வந்து
"என்னாச்சு, வாசமே காணோம்" என்றார்.

இரவு ஒன்பது நாற்பது.
சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தேன்.
இரண்டு தரம் இருமியது. நின்றது.
கஸ்பாவில் முப்பத்தெட்டுக் கம்பம் அணைந்தது.
அதில் ஒன்றின் அடியில் உட்கார்ந்து
ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் ரஷீதா
ஊசியைத் தோலிலேயே குத்திவைத்துவிட்டு
எழுந்து போயிருப்பாள்.
ஜோடிக்கு ஆறு ரூபாய்.

பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
போன மாதம் வால்வு. அதற்கு முன் மழை.
ஊர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டது
என்று எழுதினால்
பொறியாளர் விளக்கம் கேட்பார்.
'வரத்துக் குறைவு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
இரண்டு வாய் மிச்சம் வைக்கலாமா
என்று தோன்றத்தான் செய்தது.
வைக்கவில்லை.
கழுவின தண்ணீரை மட்டும்
தொட்டியில் ஊற்றினேன்.