மூடிக்கு உட்புறம்

மூன்றாம் நாளும் விழுந்தது.
பாலத்தின் மேல் அறையில்
காப்பிக் குடுவைக்கும் வானொலிக்கும் நடுவில்
நான் இருந்தேன்.
டுலூத் துறைமுகத்தில் இன்னும் பனிக்கட்டி விலகவில்லை,
முதல் கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது.
தூக்கவேண்டிய பாலம் சும்மா கிடக்க
எண்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.

டெல்மர் சொன்னான்:
"ஏறும், இறங்கும், நம் பாலம் மாதிரிதான், ஐலா."
இல்லை, டெல்மர்.
பாலத்துக்கு மோட்டார் இருக்கிறது.
இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்குகிறது.
இறக்கும் பொத்தானில் என் விரல் இருக்கிறது.
இதில் யாருடைய விரல்?
அவன் பதில் சொல்லாமல்
சாண்ட்விச்சிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கினான்.
அன்று பிற்பகலே அவன் எல்லாவற்றையும் விற்றுவிட்டான் என்று
வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

மருமகன் ட்ரெவர் நான்கு முறை அழைத்தான்.
"இன்னும் இறங்குமாம். இப்போதே எடுத்துவிடுங்கள்.
அடியில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்."
அடி.
அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாய்ச் சொல்கிறான்.
ஏரிக்கு அடி உண்டு,
வரைபடத்தில் ஆழம் குறித்திருக்கிறார்கள்.
இதன் அடியை
மேலே வந்தபிறகுதான் எவரும் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும்.
நான் ஒருமுறை அடியில் நின்று விற்றவள்.
பதினோரு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை,
வெர்னனுக்குச் சொல்லாமல்,
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்,
முழுவதையும்.
அன்று இரவு எவ்வளவு நன்றாகத் தூங்கினேன் தெரியுமா!
கல்லைப் போல.
அடுத்த வாரம் அது எழுந்தது.
பொய் ஏற்றம் என்றேன்.
கோடை முழுக்கப் பொய் என்றேன்.
இரண்டு வருடம் கழித்து
நான் விற்ற விலைக்கு இரட்டிப்பு கொடுத்து
திரும்ப வாங்கினேன்.
அந்த ஓர் இரவுத் தூக்கத்தின் விலை
நாற்பத்தோராயிரம் டாலர்.

வெர்னனுக்கு இன்றுவரை தெரியாது.
அல்லது தெரியும்.
முப்பத்தெட்டு வருடத்தில்
அவன் கேட்காமல் விட்டவற்றுக்கு ஒரு கணக்கு இருந்தால்
அதன் வட்டியே எங்களுக்குப் போதும்.

திரும்ப வாங்கிய அன்றுதான் எனக்கு நானே எழுதினேன்.
துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிக்கு உட்புறம்,
வெர்னன் ஒருநாளும் திறக்காத இடம்,
தண்ணீர் புகாதபடி நாடா போட்டு ஒட்டினேன்.
வாரம் இருமுறை கண்ணில் படும். படித்ததில்லை.
இந்த முறை படித்தேன்:

"ஐலா, இதை நின்று படிக்கிறாய் என்றால்
வெளியே விழுந்துகொண்டிருக்கிறது.
நீ கெட்டிக்காரி இல்லை.
எதிலும் கை வைக்காதே.
போய்ப் பனி வாரு."

வாரினேன்.
எங்கள் வாசல், பக்கத்து வாசல்,
ஆளில்லாத வீட்டின் வாசல்.
வயிற்றில் புளி கரைந்துகொண்டே இருந்தது.
பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதெல்லாம்
பொறுத்து முடித்தவர்கள் சொல்வது.
பொறுக்கிறபோது முதுகுதான் வலிக்கிறது.

மார்லிஸை நினைத்தேன்.
என்னைப் போலவே முப்பது வருடம் போட்டுவந்தவள்.
கணவனுக்குச் சிறுநீரகம் போய்,
மருத்துவமனைச் சீட்டு மேசையில் காத்திருக்க,
அந்த வாரமே விற்றாள்.
பயத்தால் இல்லை.
அவளுக்குப் பயப்படக்கூட நேரமில்லை.
காத்திருக்க முடிவதும் ஒரு சொத்து,
எந்த அறிக்கையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.
என்னைத் திடமானவள் என்பவர்களுக்கு
என் வீட்டைக் காட்டவேண்டும்:
கடன் அடைந்த கூரை, தவறாத சம்பளம்,
மாத்திரை இல்லாமல் மாடியேறும் கணவன்.

வெள்ளிக்கிழமை சம்பளத்தில்
வழக்கமான நூற்றைம்பது தானாகவே போனது.
அந்தப் பணத்துக்குச் செய்தி கேட்கும் பழக்கமில்லை.
போன மாதத்தைவிடக் கொஞ்சம் அதிகமாய்
அள்ளிக்கொண்டு வந்தது.

மாதக் கடைசியில் பனி உடைந்தது.
இரவு இரண்டரைக்கு
இரும்புத்தாது ஏற்ற வெறும் வயிற்றோடு
ஒரு கப்பல் வந்து ஊதியது.
பதிலுக்கு ஊதி, பாலத்தைத் தூக்கினேன்.
இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன.
ஒருவன் மட்டும் கதவைத் திறந்து இறங்கி
அண்ணாந்து என்னைப் பார்த்துக் கை விரித்தான்:
இன்னும் எவ்வளவு நேரம்?

காலையில் துணி போடும்போது
கடிதத்தின் அடியில் தேதி எழுதினேன்.
இன்னும் நாலு தேதிக்கு இடம் இருக்கிறது.